தரிசு நிலம் யாருக்குச் சொந்தம்?

வண்டியும் ஓட வேண்டும்; வானமும் மாசுபடக் கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே விரும்புகின்ற காலத்தில் நாம் வாழ்கிறோம். விரும்புவதில் குற்றம் ஏதும் இல்லை. உழவன் தன் விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், நோயாளி மருத்துவமனையை அடையவும், பிள்ளைகள் கல்லூரிக்குப் போகவும் வண்டி வேண்டும். அவ்வண்டியை ஓட்டுகின்ற பெட்ரோலும் டீசலும் புகையாகிக் காற்றைக் கெடுக்கின்றன. பூமியின் வெப்பத்தை உயர்த்துகின்றன. மேலும், நம் நாடு தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலாக வெளிநாடுகளிலிருந்தே விலைக்கு வாங்குகிறது. ஆகவே, நம் மண்ணிலேயே விளைகின்ற எரிபொருளையும், வெயிலும் காற்றும் தருகின்ற மின்சாரத்தையும் கொண்டு வண்டிகளை ஓட்டலாம் என்ற முயற்சி எழுந்தது. அது வரவேற்கத்தக்கதே.

திருச்சபையும் இம்முயற்சிக்கு எதிரானதன்று. 2015ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ என்னும் சுற்றுமடல், நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றைச் சார்ந்த வாழ்க்கை முறையிலிருந்து மனித குலம் காலம் தாழ்த்தாமல் படிப்படியாக விலக வேண்டும் என்று வலியுறுத்துகிறது. ஆனால் அதே சுற்றுமடல், பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் தனித்தனியே கேட்க முடியாது, இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்றும் போதிக்கிறது. பூமியைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி ஏழையை மறந்துவிட்டால், பாதிக் குரலுக்குத்தான் செவி கொடுத்தவர்கள் ஆவோம்.

புதிய எரிபொருள் எதுவாயினும் அதற்கு நிலம் வேண்டும். விதையிலிருந்து எண்ணெய் எடுக்க நிலம் வேண்டும். கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் எத்தனால் வடிக்க நிலம் வேண்டும். சூரியத் தகடுகளைப் பரப்ப நிலம் வேண்டும். மின்கலத்திற்கான உலோகங்களைத் தோண்டவும் நிலம் வேண்டும். அந்த நிலத்தில் இதுவரை இருந்தவர் யார்? இனி அவர் எங்கே போவார்? பெரிய நகரங்களில் எழாத இக்கேள்வி, நம்மைப் போன்ற கிராமப் பங்குக் குருக்களின் வாசலில்தான் வந்து நிற்கிறது. அதனாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

காட்டாமணக்கின் கதை

காட்டாமணக்கை அறியாத கிராமத்தார் இல்லை. தென் மாவட்டங்களில் அதனை ஆதாளை என்றும் சொல்வார்கள். மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் கடல் கடந்து வந்த செடி அது. ஆடு அதைக் கடிக்காது என்பதால் நம் முன்னோர் அதை வயலின் வேலியாக நட்டனர். அதன் விதை நஞ்சுடையது. ஆயினும் அவ்விதையில் எண்ணெய்ச் சத்து மிகுதி. அந்த எண்ணெயைப் பக்குவப்படுத்தினால் டீசலுடன் கலந்து எரிக்கலாம்.

2002ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாளன்று, இத்தகைய தாவர டீசலை 5 விழுக்காடு கலந்து டில்லியிலிருந்து அமிர்தசரசுக்கு ரயில் ஓட்டிச் சோதித்தார்கள். 2003ஆம் ஆண்டில் நடுவண் அரசின் திட்டக் குழு அமைத்த குழுவினர், 2011-12ஆம் ஆண்டிற்குள் டீசலில் 20 விழுக்காடு தாவர எண்ணெய் கலக்கலாம் என்றும், அதற்காக ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேலான நிலத்தில் காட்டாமணக்கு பயிரிட வேண்டும் என்றும் அறிக்கை அளித்தனர். அந்நாளில் குடியரசுத் தலைவராயிருந்த அப்துல் கலாம் அவர்களும் இச்செடியைப் பற்றி ஆர்வத்துடன் பேசி வந்தார். தமிழக அரசு ஊக்கம் அளித்தது. வங்கிகள் கடன் கொடுத்தன. விதையைத் திரும்ப வாங்கிக் கொள்கிறோம் என்று உறுதிகூறித் தனியார் நிறுவனங்களும் கிராமங்களுக்கு வந்தன.

இத்திட்டத்தை வகுத்தவர்கள் தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர். உணவு விளைகின்ற நிலத்தைத் தொடக்கூடாது. சும்மா கிடக்கின்ற தரிசில்தான் பயிரிட வேண்டும். அதனால் ஏழை உழவனுக்கும் வருமானம் கிடைக்கும் என்பதே அவர்கள் சொன்னது. 2009ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கையும் இக்கருத்தையே கூறியது. கேட்பதற்கு இனிய சொற்கள்தாம். ஆனால் ‘சும்மா கிடக்கின்ற தரிசு’ என்று ஒன்று உண்டா?

தீர்வை வராத நிலத்தைப் பயனற்ற நிலம் என்று கணக்கில் எழுதும் வழக்கம் ஆங்கிலேயர் காலத்தது. அந்த வழக்கம் இன்றும் நம்மை விட்டபாடில்லை. வானத்திலிருந்து செயற்கைக் கோள் எடுத்த படங்களை வைத்து நாட்டிலுள்ள தரிசுகளை வரைபடமாகவே வெளியிட்டிருக்கிறார்கள். அப்படங்களில் கல்லும் முள்ளும் தெரியும். அங்கே ஆடு மேய்க்கின்ற கிழவி தெரியமாட்டாள்.

ஒரு மானாவாரிப் பங்கில் கண்டது

2007ஆம் ஆண்டளவில் நாம் தென் மாவட்டம் ஒன்றின் மானாவாரிப் பங்கில் பணியாற்றி வந்தோம். மழை பெய்தால் நிலக்கடலை, கம்பு, துவரை. பெய்யாவிட்டால் கட்டட வேலைக்கு வெளியூர்ப் பயணம் என்பதே அவ்வூராரின் வாழ்க்கை. ஊருக்கு மேற்கே ஒரு பெரிய மேய்க்கால் புறம்போக்கு இருந்தது. ஒரு நிறுவனத்தின் முகவர் வந்தார். அந்தப் புறம்போக்கைக் குத்தகைக்கு எடுத்து முழுவதும் காட்டாமணக்கு நடவும், அதையொட்டிய பட்டா நிலங்களில் உழவர்களே நட்டு விதையைத் தம்மிடம் விற்கவும் ஏற்பாடு செய்ய விரும்பினார். பங்கு மன்றத்திலேயே கூட்டம் நடந்தது. நல்ல சொல்வன்மை உடைய இளைஞர் அவர். “தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், காவல் வேண்டாம், ஃபாதர். மூன்றாம் ஆண்டிலிருந்து பணம்தான்” என்றார்.

கூட்டத்தில் நிலமுடைய ஒருவர் எழுந்து, “சாமி, மழையை நம்பிக் கடலை போட்டு நாலு வருசமா நட்டம். தேடி வந்து கேக்கிறவுகளை எப்படி வேண்டாங்கிறது?” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இளைஞர்கள் சிலரும் அதை ஆமோதித்தார்கள். பின்னால் பெண்கள் வரிசையில் இருந்த ஒரு விதவைத் தாய் மெல்ல எழுந்தார். சில ஆடுகளை வைத்துப் பிழைப்பவர். “சாமி, அதைத் தரிசுன்னு எழுதி வச்சிருக்காகளாம். முப்பது வருசமா எனக்கும் என் பிள்ளைகளுக்கும் சோறு போட்டது அந்தத் தரிசுதான். அதுல ஆடு கடிக்காத செடியை நட்டா, என் ஆடு எங்க போகும்?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். முகவரிடம் இதற்கு விடை இல்லை. உண்மையைச் சொன்னால், நம்மிடமும் அப்போது விடை இல்லை.

ஆகவே, முடிவெடுக்குமுன் ஒரு காரியம் செய்வோம் என்று பங்குப் பேரவையில் தீர்மானித்தோம். உபதேசியாரும் இளைஞர் இயக்கத்தாரும் வீடு வீடாகச் சென்று, அந்தப் புறம்போக்கிலிருந்து ஒவ்வொரு குடும்பமும் ஓராண்டில் என்னென்ன எடுக்கிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தார்கள். வேலையற்ற தரிசு என்று நினைத்திருந்த இளைஞர்களே அப்பட்டியலைக் கண்டு வியந்தார்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேய்ச்சல், அடுப்புக்குச் சீமைக் கருவேல விறகு, அதே மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பவர் சிலர், ஆடி, ஆவணியில் உதிரும் வேப்பமுத்தைப் பொறுக்கி வியாபாரியிடம் கொடுப்பவர் பலர், வாரியலுக்குப் புல், பெட்டி முடைய ஓலை, மருந்துக்கு ஆவாரம் பூவும் பிரண்டையும் தூதுவளையும், மழைக்காலத்தில் கீரை. அதன் ஊடே ஓடிய ஓடைதான் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டு வந்தது. அதன் ஓரத்தில் நம்முடைய கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லும் பாதையும் இருந்தது.

மற்றொன்றையும் அக்குறிப்பேடு காட்டிற்று. நிலம் அதிகம் உள்ள வீட்டார் அந்தப் புறம்போக்கிலிருந்து எடுத்தது மிகக் குறைவு. நிலமே இல்லாத வீட்டார் எடுத்ததுதான் மிகுதி. அவர்களிலும் விதவைகள், முதியோர், தலித் குடும்பத்தார் ஆகியோரே முன்னணியில் நின்றார்கள். பட்டாவில் பெயர் இல்லாதவர்களின் சொத்தாக அந்தத் தரிசு இருந்தது. குத்தகைப் பணம் வந்தால் அது ஊராட்சிக் கணக்கிற்குப் போகும். வேப்பமுத்து பொறுக்கியவளின் முந்தானைக்குப் போகாது.

அக்டோபர் 2ஆம் நாள் காந்தி ஜெயந்தியன்று கூடிய கிராம சபையில் அந்தக் குறிப்பேட்டை இளைஞர்களே வாசித்தார்கள். நீண்ட வாக்குவாதத்திற்குப் பின், மேய்க்காலைக் குத்தகைக்கு விடுவதில்லை என்றும், சொந்தப் பட்டாவில் நடுவது அவரவர் விருப்பம் என்றும் முடிவாயிற்று. சாமியார் ஊர் முன்னேற்றத்திற்குக் குறுக்கே நிற்கிறார் என்று சிலர் மனத்தாங்கல் கொண்டனர். சில மாதங்கள் பூசைக்கு வராதவர்களும் உண்டு.

உழவர்கள் சிலர் தங்கள் நிலத்தில் காட்டாமணக்கு நட்டார்கள். தண்ணீர் இல்லாமலும் செடி பிழைத்தது உண்மை. ஆனால் பிழைப்பது வேறு, காய்ப்பது வேறு. கிணறு வைத்திருந்தவர்கள் நீர் பாய்ச்சியபோது ஓரளவு காய்த்தது. வானம் பார்த்த நிலத்தில் கைப்பிடி காய்கூடத் தேறவில்லை. கொத்துக் கொத்தாக ஒரே நேரத்தில் பழுக்காததால் பறிக்கும் கூலி விதையின் விலையை விழுங்கியது. மூன்றாம் ஆண்டில் முகவரின் தொலைபேசி ஒலித்தது, எடுப்பார் இல்லை. வங்கிக் கடன் மட்டும் நின்றது. ஒரு குடும்பம் நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போயிற்று. மற்றவர்கள் வேரோடு தோண்டி எறிந்துவிட்டு மீண்டும் கடலை போட்டார்கள்.

அந்த மூன்று ஆண்டுகளில் யாரும் கணக்கில் எடுக்காத இழப்பு ஒன்று உண்டு. நிலக்கடலை என்பது உழவனுக்கு மட்டும் பயிரன்று. களை எடுக்கவும், செடி பிடுங்கவும், காய் ஆயவும் பெண்களுக்குக் கூலி. கடலைக்கொடி மாட்டுக்குத் தீவனம். எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் பிண்ணாக்கும் தீவனம். காட்டாமணக்கின் இலையும் உதவாது, பிண்ணாக்கும் நஞ்சு. நடலாமா என்று நிலத்துக்காரரைக் கேட்டார்கள். கூலிக்காரப் பெண்களை யாரும் கேட்கவில்லை.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி நடந்ததோ என்று எண்ணியிருந்தோம். தமிழகத்துக் காட்டாமணக்குச் சாகுபடியைப் பற்றி 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றும் இதையே கூறியது. எதிர்பார்த்ததைவிட விளைச்சல் மிகக் குறைவு. நீர்வசதி உள்ளவருக்கே ஓரளவு பயன். உணவும் தீவனமும் தந்த நிலத்தை அது பிடித்துக்கொண்டது. ஏழைக்கு என்று சொல்லப்பட்டது ஏழைக்குப் போய்ச் சேரவில்லை என்பதே அதன் சாரம். ஆப்பிரிக்காவில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. தான்சானியாவின் கிசராவே மாவட்டத்தில் 8,000 ஹெக்டேருக்கும் மேலான கிராம நிலம், காட்டாமணக்கு வளர்ப்பதற்காக ஓர் அயல்நாட்டு நிறுவனத்திற்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போயிற்று. 2011ஆம் ஆண்டில் அத்திட்டம் நின்றுபோனது. வேலையும் போயிற்று, நிலமும் கிராமத்தாரின் கைக்கு எளிதில் திரும்பவில்லை.

வயிறும் வண்டியும்

காட்டாமணக்கின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இப்போது எத்தனாலின் காலம். பெட்ரோலில் 10 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலையை நம் நாடு 2022ஆம் ஆண்டில் எட்டியது. 2025ஆம் ஆண்டில் அது 20 விழுக்காடாக உயர்ந்தது. முன்பு சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்தே பெரும்பாலும் எடுத்தார்கள். இப்போது கரும்புச்சாறும், அரிசியும், மக்காச்சோளமும் எத்தனாலாகின்றன.

இதில் நன்மை உண்டு என்பதை மறைக்கலாகாது. பெரம்பலூர், அரியலூர், திண்டுக்கல் பகுதிகளில் மக்காச்சோளம் போடும் உழவனுக்கு விலை கூடினால் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதே மக்காச்சோளம்தான் நாமக்கல் கோழிப் பண்ணைகளின் தீவனம். தீவன விலை உயர்ந்துவிட்டது என்று பண்ணையாளர் முறையிட்டார்கள். நெடுங்காலம் மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த நம் நாடு, 2024ஆம் ஆண்டில் அதை அயல்நாடுகளிலிருந்து பெருமளவு வாங்கியது. தீவனம் விலை ஏறினால் முட்டை விலை ஏறும். முட்டை விலை ஏறினால் அது எந்த வீட்டுப் பிள்ளையின் தட்டிலிருந்து முதலில் மறையும் என்பதை நாம் அறிவோம்.

இதற்கு முன்னரே உலகம் இப்பாடத்தைப் படித்திருக்கிறது. அமெரிக்காவில் மக்காச்சோளம் பெருமளவில் எத்தனாலுக்குத் திரும்பிய நாளில், 2007ஆம் ஆண்டு ஜனவரியில், மெக்சிகோ நாட்டு ஏழைகள் தங்கள் அன்றாட உணவாகிய சோள ரொட்டியின் விலை ஏறிவிட்டதென்று பல்லாயிரக்கணக்கில் வீதிக்கு வந்தனர். விலையேற்றத்திற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் வண்டியின் தொட்டியும் ஏழையின் தட்டும் ஒரே களஞ்சியத்தை நோக்கிக் கை நீட்டுகின்றன என்பது அன்று வெளிப்பட்டது. அதே ஆண்டில், உணவு உரிமைக்கான ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளராயிருந்த ழான் சீக்லர், உணவுப் பயிரை எரிபொருளாக்குவதை ஐந்தாண்டுகளுக்கு நிறுத்திவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

மின்சார வண்டிகளும் வந்துவிட்டன. 2025ஆம் ஆண்டு முதல் சென்னை மாநகரில் மின்பேருந்துகள் ஓடுகின்றன. புகை இல்லை, இரைச்சல் இல்லை, நல்லதுதான். ஆனால் பல மின்கலங்களுக்கு வேண்டிய கோபால்ட் என்னும் உலோகத்தில், உலக உற்பத்தியின் பெரும்பகுதி காங்கோ சனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. பள்ளிக்குச் செல்ல வேண்டிய சிறுவர்கள் அங்கே சிறு சுரங்கங்களில் மண் சுமப்பதை மனித உரிமை அமைப்புகள் 2016ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டின. 2023ஆம் ஆண்டில் அந்நாட்டிற்குச் சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், ஆப்பிரிக்காவைக் கொள்ளையிடும் சுரங்கமாக நடத்துவதை நிறுத்துங்கள் என்று உலகை நோக்கி முறையிட்டார். அவ்வண்டிக்கு ஏற்றும் மின்சாரத்திற்கோ சூரியத் தகடுகள். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. முப்பந்தல் பக்கம் காற்றாலையின் அடியில் ஆடு மேய்வதைப் பார்க்கலாம். சூரியத் தகட்டைச் சுற்றியோ வேலி எழும்பிவிடுகிறது.

இறைவார்த்தை என்ன சொல்கிறது?

அரசர்கள் நூலில் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பற்றி வாசிக்கிறோம். ஆகாபு அரசன் தொடக்கத்தில் வன்முறையால் அதைப் பறிக்கவில்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. அதைவிடச் சிறந்த தோட்டம் தருகிறேன், அல்லது விலை தருகிறேன் என்றுதான் கேட்டான். கேட்பவருக்கு அது நியாயமான பேரமாகவே தோன்றும். காய்கறித் தோட்டம் போடுவதற்குத்தானே கேட்டான்? ஆனால் நாபோத்துக்கு அது முன்னோர் விட்டுச் சென்ற உரிமைச் சொத்து. அவன் மறுத்தபோதுதான் அரண்மனையின் உண்மை முகம் தெரிந்தது. ‘வேண்டாம்’ என்று சொல்ல ஏழைக்கு உரிமை இருக்கிறதா என்பதே எந்தப் பேரத்திற்கும் உரைகல்லாகும்.

நாபோத்துக்காவது சொந்தத் தோட்டம் இருந்தது. சொந்தமே இல்லாதவர்களின் நிலை என்ன? அதற்கு லேவியர் நூல் விடை தருகிறது. அறுவடை செய்யும்போது வயலின் ஓரம்வரை முற்றாக அறுக்கக்கூடாது, சிந்திய கதிரைப் பொறுக்கக்கூடாது. அது ஏழைக்கும் அந்நியருக்கும் உரியது என்று ஆண்டவர் கட்டளையிட்டார். இது தருமம் அன்று, சட்டம். வயலுக்கு உடையவன் ஒருவன்; ஆனால் அதன் ஓரத்திற்கு உடையவர் ஏழைகள். நம் ஊர்களில் அந்த ஓரம் எது? மேய்க்காலும், புறம்போக்கும், கண்மாய்க் கரையும், வண்டிப் பாதையின் இருபுறமும்தான். அதைத் தரிசென்று பெயரிட்டு எடுத்துக்கொள்வது, ஏழைக்கென்று ஆண்டவர் ஒதுக்கி வைத்த கதிரை நாமே வாரிக்கொள்வதாகும். உலகின் செல்வங்கள் எல்லாருக்குமாகப் படைக்கப்பட்டவை, தனிச் சொத்துரிமை அதற்கு உட்பட்டதே என்ற திருச்சபையின் சமூகப் போதனை இந்த வேரிலிருந்து கிளைத்தது.

நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை

இதையெல்லாம் வாசித்துவிட்டு, புதிய எரிபொருளே வேண்டாம், பழைய புகையே போதும் என்று எவரும் முடிவுகட்ட வேண்டாம். மழை பொய்ப்பதாலும் வெயில் மிகுவதாலும் முதலில் வாடுகிறவனும் மானாவாரி உழவனே. வழியை மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றத்தின் சுமையை எளியவர் தலையில் ஏற்றக்கூடாது.

சூரியத் தகட்டுக்கு நிலம் கேட்டுத் தரகர்கள் இப்போது பல ஊர்களுக்கும் வருகின்றனர். நம்மிடமும் பங்கு மக்கள் யோசனை கேட்கின்றனர். சட்டம் அறிந்தவரிடம் போங்கள் என்று சொல்வதோடு, சில கேள்விகளையும் நாம் எழுதிக் கொடுத்து வருகிறோம். ஒப்பந்தம் யாருடன், தரகருடனா நிறுவனத்துடனா? அது பதிவாகிறதா? உங்களுக்கு விளங்கும் தமிழில் படித்துக் காட்டினார்களா? எத்தனை ஆண்டுக்கு? காலம் முடிந்தபின், அல்லது நிறுவனம் இடையில் மூடிவிட்டால், தகடுகளை அகற்றி நிலத்தைத் திருத்தித் தருவது யார்? ஓடையும் வரத்துக்காலும் பாதையும் அடைபடுமா? அந்த நிலத்தில் இதுவரை கூலிக்கு வந்தவர்களுக்கும் ஆடு மேய்த்தவர்களுக்கும் என்ன வழி? தகடுகளைச் சற்று உயர்த்தி அமைத்துக் கீழே பயிரோ புல்லோ வளர்க்க இடமுண்டா? இவற்றுக்கு விடை கிடைத்தபின் கையெழுத்திடுங்கள், கிடைக்காவிட்டால் பொறுத்திருங்கள். ஊர்ப் பொது நிலமானால் கிராம சபையில் பேசாமல் எதுவும் நடக்கவிடாதீர்கள். கிராம சபைக்குப் போவது வீண் வேலை என்று எண்ணும் கத்தோலிக்கர் நம்மிடையே உண்டு. ஞாயிறு திருப்பலியில் அயலானை நேசி என்று கேட்டவர்கள் கிராம சபையில்தான் அதைச் செய்து காட்ட வேண்டும்.

வீட்டுக்குள்ளும் ஒரு கடமை உண்டு. எந்த எரிபொருளும் இல்லாமல் நடந்த தூரமே பூமிக்குப் பாரமில்லாத தூரம். வண்டி மின்சாரத்தில் ஓடுகிறது என்பதற்காக, நடக்கக்கூடிய இடத்திற்கெல்லாம் அதை எடுத்துச் செல்வது சிக்கனமாகாது. நம் மாநிலத்தில் 2021ஆம் ஆண்டு முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். பேருந்தில் ஏறும் ஒவ்வொருவரும் தனி வண்டி ஒன்றைச் சாலையிலிருந்து விலக்குகிறார் எனலாம். நம் ஊருக்குப் பேருந்து நேரத்திற்கு வராவிட்டால், அதற்காக மனுக் கொடுப்பதும் மறைப்பணியே. திருவிழாவுக்கும் திருமணத்திற்கும் ஆளுக்கொரு வண்டியில் போகாமல் அன்பியத்தார் சேர்ந்து ஒரே வண்டியில் போகலாம். வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிற மக்கள் நாம். அரைக் கல் தொலைவிலுள்ள கோயிலுக்கு நடப்பதா கடினம்?

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளை ஒருமுறை ஊர்ப் புறம்போக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே யார் என்ன எடுக்கிறார்கள் என்று காட்டுங்கள். நாளை அவர்களே பொறியாளராகவும் அதிகாரியாகவும் அமர்ந்து வரைபடத்தைப் பார்க்கும்போது, தரிசு என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்கள் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ரூத்து ஓர் அந்நியப் பெண்; விதவை; பெத்லகேமில் அவளுக்கு ஒரு சாண் நிலமும் இல்லை. போவாசு தன் வயலின் ஓரத்தை அவளுக்கு அடைக்கவில்லை. அவள் பொறுக்குவதற்கென்றே கதிர்களை வேண்டுமென்று விட்டுச் செல்லும்படி ஆட்களுக்குக் கட்டளையிட்டான். அதனால் அவளும் மாமியார் நகோமியும் பிழைத்தார்கள். அந்தப் பெண்ணின் வழிமரபில் தாவீது பிறந்தார். அவ்வழிமரபிலேயே நம் ஆண்டவர் இயேசுவும் வந்தார் என்று மத்தேயு எழுதி வைத்திருக்கிறார். வயலின் ஓரத்தில் யார் வந்து நிற்கிறார் என்று நமக்குத் தெரியாது. ஆகவே ஓரத்தை ஏழைக்கென்று திறந்தே வைப்போம்.